பழைய காரும் புதிய மோட்டரும்

பழைய மாணவர் மலரொன்றிலே தமிழாசிரியன் எழுதப் புகுவானாயின், சங்க நூல்களிலே ஒரு துறையையோ இலக்கணத்திலே ஓர் ஐயத்தையோ எடுத்து விரிப்பான் என்று வாசகர் எதிர்பார்த்தல் இயல்பே. இம்முறை யான் எடுத்துக்கொண்ட பொருள் அன்னதன்று. தூர நின்று வானொலி அலையால் இயக்கப்படும் சிறு பந்தயக் கார்களைப் பற்றியும், அவற்றுட் பழையனவற்றுக்கு இக்காலத்து மோட்டரைப் பூட்டுதல் தகுமா என்பது பற்றியுமே எழுத விழைகின்றேன். "றிமோட் காருக்கும் உமக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பார்க்கு விடை எளிது. மாணவர் விஞ்ஞானக் கழகத்தின் பொறுப்பாசிரியராக இருக்க வேறொருவரும் இசையாத ஓர் ஆண்டிலே அப்பொறுப்பு என் தலைமேல் ஏறியது. ஏறியது இன்னும் இறங்கவில்லை. அன்றியும், விஞ்ஞான ஆசிரியர்கள் கணக்குச் சரியா என்று பார்ப்பார்கள். வழக்குச் சரியா என்று பார்க்கவும் ஒருவன் வேண்டுமல்லவா?

வழக்கு எழுந்த வரலாறு வருமாறு. இலண்டனிலே வாழும் பழைய மாணவரொருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, அங்கே தம் இளமையில் வாங்கி ஓட்டிய ஆர்.சி.10 என்னும் காரைக் கழகத்துக்கு அளித்துச் சென்றார். அதன் மோட்டர் சுழலவில்லை. திசைமாற்றி கருகித் தேய்ந்திருந்தது. காபன் தூரிகைகள் கட்டையாய்க் குறைந்துவிட்டன. மாணவர் இரு கட்சியாயினர். கிடைக்கக்கூடியவற்றுள் அதிவேகமான தூரிகையற்ற மோட்டரைப் பூட்டி, புதுவகைப் பற்றரிக்கு இடங்காண்பதற்காகக் காரின் அடித்தட்டை வெட்டி அராவ வேண்டும் என்றது ஒரு கட்சி. ஒரு திருகாணியையும் தொடாது கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டும் என்றது மறு கட்சி. இரண்டும் ஏற்கத்தக்கனவல்ல என்பது என் துணிபு. ஓடுவதற்கென ஆக்கப்பட்ட பொருள் ஓடவே வேண்டும். அதற்குப் புதிய மோட்டர் துணையாகுமாயின் பூட்டுக. ஆயின் அம்மோட்டரின் வலி, அக்காரின் ஏனைய உறுப்புகள் எவ்வளவைத் தாங்க ஆக்கப்பட்டனவோ அவ்வளவில் நிற்றல் வேண்டும். மீளப் பெறமுடியாத எதனையும் அதற்காக அழித்தலுங் கூடாது. இவ்விரண்டையுமே இக்கட்டுரையில் நிலைநாட்ட முயல்வேன்.

இக்கார்களை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுதல் வேண்டும். யப்பானிலே சிசுவோக்கா நகரத்திலுள்ள தாமியா நிறுவனம், போர்ஷே 934 என்னும் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கித் தன் முதலாவது வானொலிக் காரை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் இது வெறும் விளையாட்டு என்னும் நிலையைக் கடந்து, மணலிலும் புழுதியிலும் நடக்கும் பந்தயமாக வளர்ந்தது. 1984ஆம் ஆண்டிலே குறிப்பிடத்தக்க இரு கார்கள் தோன்றின. ஒன்று தாமியாவின் ஹோர்னெட். பிளாஸ்ரிக்காலான தொட்டி போன்ற உடலும், பெட்டியிலேயே வைத்துத் தரப்படும் மபுச்சி நிறுவனத்து 540 மோட்டரும் உடையது. பள்ளிச் சிறுவர்க்கென ஆக்கப்பட்டது. மற்றையது கலிபோர்ணியாவிலே அசோசியேற்றட் நிறுவனத்தின் ரோஜர் கேட்டிஸ் என்பார் ஆக்கிய ஆர்.சி.10. பொன்னிறமூட்டிய அலுமினியத் தட்டையே உடலாகக் கொண்டது, பந்தயத்துக்கென்றே பிறந்தது. 1985இல் கலிபோர்ணியாவில் நடந்த உலகப் பந்தயத்தில், இரு சில்லுகளால் உந்தப்படும் கார்களின் பிரிவிலே, ஜே ஹால்சி வென்றது இக்காரினாலேயே. 1987இல் இங்கிலாந்தின் றொம்சியிலே ஜோயல் ஜோன்சன் வென்றதோ கியோஷோ நிறுவனத்தின் அல்ற்றிமா என்னும் காரினாலே.

இனி மோட்டருக்கு வருவோம். 540 என்பது ஏறக்குறைய 36 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் நீளமுமுடைய உருளைக்கு வழங்கும் பெயர். பழைய வகையில் காந்தம் உருளையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். கம்பிச்சுருள் தண்டோடு சேர்ந்து சுழலும். சுழலும் பொருளுக்கு மின்னை ஊட்டுவது எங்ஙனம்? தண்டின் ஒரு தலையிலே செப்புத் துண்டுகளாலான திசைமாற்றி உண்டு. அதன்மேல் இரு காபன் தூரிகைகள் அழுந்தி உரசிக்கொண்டே மின்னைக் கடத்தும். உரசுவதால் தேயும், தேயுங்கால் பொறி பறக்கும், பொறியால் வெப்பம் மிகும். புதிய வகையிலோ இவ்வமைப்புத் தலைகீழாயிற்று. சுருள் உருளையோடு அசையாது நிற்கும். காந்தம் தண்டோடு சுழலும். மின்னை மாறி மாறி ஊட்டும் வேலையை மூன்று கம்பிகளின் வழியே இலத்திரனியல் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி செய்யும். சுழலும் காந்தம் எங்கே நிற்கின்றது என்பதை அக்கருவிக்கு அறிவிக்கும் உணரியும் பலவற்றில் உண்டு. உணரியில்லாதவை மெல்லப் புறப்படும்போது திக்கித் திணறும். இப்புதிய வகை பந்தயத் திடல்களிற் பரவியது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே. பெயரிங்கைத் தவிர உரசித் தேய்வது ஒன்றும் இல்லாமையால் இதன் ஆயுள் நீண்டது.

மயக்கம் விளைவது எங்கே எனில், புதிய மோட்டரைச் செய்தோர் பழைய 540இன் அளவையே பெரும்பாலும் பேணினர். தண்டின் தடிப்பு இரண்டிலும் 3.17 மில்லிமீற்றர். திருகாணித் துளைகளின் இடைவெளி இரண்டிலும் 25 மில்லிமீற்றர். ஆகவே 1984ஆம் ஆண்டுக் காரிலே, நேற்றுச் செய்த மோட்டர் இரண்டு திருகாணியோடு அமர்ந்துவிடுகின்றது. அமர்ந்ததைக் கண்ட மாணவன், "பொருந்திவிட்டது, சேர்" என்கிறான். நுழைவது வேறு, பொருந்துவது வேறு. சவாரி மாட்டின் கழுத்து எந்த நுகத்திலும் நுழையும். வண்டியின் அச்சு அதன் ஓட்டத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

தாங்குமா என்பதை அறிய, அக்காலத்துப் பற்றரியை முதலில் நோக்க வேண்டும். இதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1980களின் நடுவிலே வழங்கிய பற்றரி ஆறு நிக்கல் கட்மியக் கலங்களாலானது, 7.2 வோல்ற்று, அதன் கொள்ளளவு 1,200 மில்லி அம்பியர் மணி. பந்தயமோ நான்கைந்து நிமிடம். ஐந்து நிமிடத்திலே முழுவதையும் செலவிட்டாலும், சராசரியாக 14.4 அம்பியருக்கு மேல் எடுக்க இயலாது. அஃதாவது ஏறக்குறைய 100 உவாற்று வலு. அதற்கு மேல் எடுத்தவன் கடைசிச் சுற்றிலே நடுத்திடலில் நின்றுவிடுவான். ஆகவே எத்துணை விரைவான மோட்டரைப் பூட்டினாலும், பந்தயத்தை முடிக்க விரும்பியவன் சிறிய பற்சில்லையிட்டு அதனை அடக்கியே ஓட்டினான். பற்சில்லுப் பெட்டிக்குக் காவலாக நின்றது பற்றரியின் வறுமையே. இன்று 5,000 மில்லி அம்பியர் மணி இலிதியப் பற்றரி எளிதிற் கிடைக்கின்றது. கணக்குப்படி அது ஐந்து நிமிடம் முழுவதும் 60 அம்பியர் கொடுக்கும். காவலாளி போய்விட்டான், பெட்டி மட்டும் பழையபடியே இருக்கின்றது.

இனி வேகத்தைக் கணிப்போம். தூரிகையற்ற மோட்டர்களுக்கு, ஒரு வோல்ற்றுக்கு ஒரு நிமிடத்தில் இத்தனை சுழற்சி என்று ஓர் எண் குறிப்பர். 21.5 சுற்று என்னும் அடக்கமான வகைக்கு அவ்வெண் ஏறக்குறைய 1,800. நம் மாணவர் விரும்பியதற்கு 4,500. இரு கலமுடைய இலிதியப் பற்றரியின் பெயரளவான வோல்ற்று 7.4. முன்னையது நிமிடத்துக்கு 13,320 முறை சுழலும். பின்னையது 33,300 முறை. மோட்டர் ஒன்பது முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழலுமென்றும், ரயரின் விட்டம் 84 மில்லிமீற்றரென்றும் கொள்வோமாயின், சுமையில்லாத கணக்கிலே முன்னைய காரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 23 கிலோமீற்றர். பின்னையதன் வேகம் 58 கிலோமீற்றர். வேகம் இரண்டரை மடங்காயிற்று. இயக்கசத்தியோ வேகத்தின் வர்க்கத்துக்கு இயைய ஏறுவது. எனவே அது ஆறே கால் மடங்காகின்றது. ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள கார் மதிலில் மோதும்போது, அந்த ஆறே கால் மடங்கையும் முன்கையொன்றே வாங்க வேண்டும். நாற்பதாண்டு வயதுடைய நைலோன் கை இதற்கு என்ன மறுமொழி கூறும் என்பதை மாணவர் தாமே ஊகித்துக்கொண்டனர். இப்பகுதியை விளக்கிய அன்று கழகக் கூட்டத்தில் நிலவிய அமைதியை, புணரியல் நடத்தும்போதும் யான் பெறவேண்டுமென்பது என் நெடுநாளாசை.

முறிவது முன்கை மட்டுமன்று. தூரிகையற்ற மோட்டர் நின்ற நிலையிலிருந்து ஒருங்கே இழுக்கும் தன்மையது. பிற்காலப் பந்தயக் கார்களிலே, அளவுக்கு மிஞ்சிய இழுப்பு வந்தால் சிறிது வழுக்கிக்கொடுத்துப் பல்லைக் காக்கும் பிடியொன்று பற்சில்லோடு இணைக்கப்பட்டிருக்கும். அக்காலத்துப் பல கார்களில் அது இல்லை. இழுப்பு முழுவதும் நேரே பல்லின்மேல் விழும். ஹோர்னெட் போன்றவற்றிலே அச்சுகள் பால்பெயரிங்கில் சுழலாது பிளாஸ்ரிக்கு வளையங்களிலே சுழன்றன. புழுதி புகுந்த வளையம் விரைவு மிகுந்தால் உருகி நீள்வட்டமாகும், அச்சு ஆடும், பல் பல்லோடு ஒழுங்காகப் பதியாது. ஆகவே மோட்டரை மாற்ற எண்ணுவோர் அதற்கு முன் வளையங்களை நீக்கிப் பால்பெயரிங் இடுதல் நன்று. செலவும் சிறிது, பயனோ பெரிது. பழைய மோட்டரோடே கார் இன்னும் இலகுவாக ஓடக் காணலாம். சிலருக்கு அவ்வளவிலேயே ஆசை அடங்கிவிடும்.

இனி, கண்ணாடிப் பேழைக் கட்சியாருடைய வாதத்தை நோக்குவோம். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. தூரிகை மோட்டரின் ஓசை வேறு. அது சூடேறும்போது எழும் மணம் வேறு. அவ்விரண்டும் அக்காலத்துப் பந்தயத்தின் பகுதிகளே. பழம்பொருளைப் பழமை கெடாது வைத்தல் ஒரு கடமை என்பதையும் மறுப்பேனல்லேன். ஆயினும் பந்தயக் காரைப் பொறுத்தவரை, மோட்டரைப் பழமையின் உறைவிடமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்துப் பந்தயகாரர் தூரிகையை அடிக்கடி மாற்றினர். திசைமாற்றியைக் கடைந்து சீராக்கினர். வேறு சுற்றுள்ள சுருளை இட்டனர். அதுவும் போதாதெனில் மோட்டரையே எறிந்து புதியது பூட்டினர். ரயரும் மோட்டரும் அவர்க்கு ஒரே வரிசை. 1985இல் இருந்த மோட்டர் 1987இலும் அதே காரில் இருந்ததென்றால் அதன் உடையவர் பந்தயத்தை விட்டுவிட்டார் என்பதே பொருள். காரின் தன்மை நின்றது தட்டிலும், கைகளின் அமைப்பிலும், எண்ணெய் நிரம்பிய அதிர்வுதாங்கியிலும், பற்சில்லுப் பெட்டியிலுமே.

ஹோர்னெட்டின் நிலை வேறு. அதற்கு 540 மோட்டர் பெட்டியிலேயே வந்தது. அதனையே மனத்திற்கொண்டு கார் ஆக்கப்பட்டது. அதே அளவும் அதே 27 சுற்றுமுடைய வெள்ளி நிற மோட்டர் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. அதனைத் திறந்து தூரிகை மாற்ற இயலாது என்பது உண்மையே. தேய்ந்தால் முழுவதையும் மாற்றலாம். எனவே ஹோர்னெட் வைத்திருப்போர் தூரிகையற்ற மோட்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பேன். தாமியா நிறுவனமே 2004இல் அக்காரை மறுபடியும் வெளியிட்டது. வேகப்பித்துத் தீராதவர் அப்புதிய பிளாஸ்ரிக்கின்மேல் தம் சோதனையைச் செய்யட்டும்.

ஆர்.சி.10க்கு மோட்டர் தெரியும் முறையைக் கூறுகின்றேன். 27 சுற்றுத் தூரிகை மோட்டர் ஓடிய பந்தயப் பிரிவுகளிலே, தூரிகையற்றது வந்தபோது அதற்கு ஈடாகப் பெரும்பாலும் ஏற்கப்பட்டது 17.5 சுற்று. உண்மையில் அது பழையதிலும் சற்று வலியது. 21.5 சுற்று பழையதை இன்னும் அணுக்கமாக ஒத்தது. சுமையில்லாத கணக்கில் அதன் சுழற்சி சிறிது குறைவாகத் தோன்றினும், சுமை ஏறும்போது பழையதைப்போல் தளராது. ஆகவே பழைய பெட்டிக்கு 21.5 போதும். பெட்டி நல்ல நிலையில் இருக்கின்றதென உறுதி கொண்டபின், விரும்புவோர் 17.5க்குச் செல்லலாம். அதற்கு மேற்பட்டவை அடுத்த தலைமுறைக் கார்களுக்குரியன.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூற இடந்தருக. நிலைமொழியோடு வருமொழி புணருங்கால், தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழும் என்று வகுப்பிலே படித்தோம். ஹோர்னெட்டுக்கு அதே வெள்ளி மோட்டரைப் பூட்டுதல் இயல்பு புணர்ச்சி. ஆர்.சி.10க்குத் தூரிகையற்றதைப் பூட்டுதல் விகாரப் புணர்ச்சி. அங்கே இலத்திரனியல் கட்டுப்பாட்டுக் கருவியும் உணரிக் கம்பியும் தோன்றும். மோட்டர்த் தண்டிலுள்ள சிறு பற்சில்லு, பல்லின் தொகை வேறாகித் திரியும். தொடுகரத்தை நகர்த்தி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய பொறிமுறைக் கட்டுப்பாடும், மிஞ்சிய மின்னை வெப்பமாக்கி வீணாக்கும் தடைச்சுருளும் கெடும். இவ்விகாரங்கள் புணர்ச்சி நிகழும் இடத்தளவிலேயே நிற்பன; நிலைமொழியின் பகுதியை உடைத்து எழுத எவர்க்கும் உரிமையில்லை.

கெட்டவற்றை எறியவும் வேண்டா. கழற்றிய மோட்டர், தடைச்சுருள், தொடுகரம், அவற்றின் திருகாணிகள் யாவற்றையும் ஒரு தகரப் பெட்டியிலிட்டு, எது எங்கிருந்தது என்று எழுதி வைத்தல் வேண்டும். நாளை ஒருவர் காரைப் பழைய கோலத்திற் காண விரும்பினால் அரைநாள் வேலையில் மீட்கலாம்.

தட்டை வெட்டுவதை யான் கடிந்து பேசியது இதனாலேயே. பழைய பற்றரி உருளைக் கலங்களை அடுக்கிக் கட்டியது; அதன் ஓரங்கள் வளைந்தவை. புதிய இலிதியப் பற்றரியின் பெட்டி செங்கோண ஓரமுடையது. ஆகவே பல பழைய கார்களின் பற்றரிக் குழியில் இறங்காது. உடனே வாளை எடுக்கின்றனர். வளைந்த ஓரமுடைய இலிதியப் பற்றரியும், அளவிற் சிறியனவும் விற்பனையில் உண்டு. அடக்கமான மோட்டருக்குச் சிறிய பற்றரியே போதும். முன்னர் 1,200 போதுமாயிருந்த இடத்தில் 5,000 எதற்கு? பொன்னிறமூட்டிய தட்டை ஒருமுறை வெட்டினால் வெட்டியதே.

இலிதியப் பற்றரி பற்றி ஓர் எச்சரிக்கை. கலமொன்று 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. பழைய பொறிமுறைக் கட்டுப்பாடு இதனை அறியாது. மோட்டர் நிற்குமட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். உரிய அளவில் நிறுத்தும் கருவியோடன்றி இப்பற்றரியைப் பழைய காரில் இடற்க. அதற்கென ஆக்கப்பட்ட மின்னேற்றியாலன்றி மின்னேற்றலுமாகாது. ஏற்றும்போது ஆள் அருகே இருத்தல் வேண்டும். இது தீப்பிடிக்கக்கூடிய பொருள். கழகத்தில் இவ்விதியை மீறிய மாணவனுக்கு ஒரு தவணைக்குத் திருகாணிச்சாவி கிடையாது.

இன்னும் இரண்டு சிறு குறிப்புகள். சில பழைய பெட்டிகளுக்கு மோட்டர் எதிர்த்திசையிற் சுழல வேண்டும். தூரிகை மோட்டரில் இரு கம்பியை மாற்றினால் போதும். உணரியுள்ள புதிய மோட்டரிலோ கம்பிகளை மாற்றலாகாது. கட்டுப்பாட்டுக் கருவியின் அமைப்பிலேதான் திசையை மாற்ற வேண்டும். புதிய பற்சில்லு இட்டபின், இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி மோட்டரின் வெப்பத்தை அளக்க. 80 பாகை செல்சியசை நெருங்குமாயின் பல் குறைந்த சிறு சில்லை இடுக. வெப்பம் மிகின் காந்தத்தின் வலி குன்றும், குன்றியது மீளாது.

கழகத்தார் 21.5 சுற்றையே தெரிந்தனர். தட்டு வெட்டப்படவில்லை. கார் இப்போது மைதானத்தின் வடமூலையில் வெள்ளிக்கிழமைகளில் ஓடுகின்றது. அதன் வேகம் போதாது என்று முறையிடும் மாணவர் இருவர் இன்னும் உளர். அவர்கள் சேர்ந்து வேறொரு புதிய காருக்குப் பணம் சேர்ப்பதாக அறிகின்றேன். அது நல்ல தீர்வே.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். 1980களிலே இளைஞராயிருந்த உங்களுட் சிலர் வீட்டு மேல்மாடத்துப் பெட்டிகளில் இத்தகைய கார்கள் இன்றும் உறங்கக்கூடும். முதலில் அவற்றினின்றும் பழைய நிக்கல் கட்மியப் பற்றரியை எடுத்துவிடுக; அது கசிந்து அயலிலுள்ள செம்பை அரித்துவிடும். ஓட்டுமுன் நைலோன் உறுப்புகளைச் சிறிது நேரம் வெந்நீரில் இட்டெடுப்பது நன்று. ஈரத்தை இழந்து நொறுங்கும் தன்மை அடைந்த நைலோன், ஈரம் ஏறியபின் வளைந்துகொடுக்கும். ஆர்.சி.10இன் முதல் வெளியீடுகளுக்குரிய ஆறு பற்சில்லுப் பெட்டியின் உதிரிப் பற்சில்லுகள் எவரிடமேனும் இருக்குமாயின், கழகச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுக. நம் காரின் பெட்டியிலே ஒரு சில்லில் இரண்டு பற்கள் முனை மழுங்கியிருக்கின்றன.